உழாத நிலத்து நெல்

சிவன் கோயில்களில் அபிஷேகத்தின்போது ருத்ரம் ஓதுவார்கள், அதைத் தொடர்ந்து சமகம். திருவாலங்காடு, திருப்பாசூர், திருவேற்காடு என்று பாடல் பெற்ற தலங்கள் பல உள்ள திருவள்ளூர் மாவட்டத்தில் இந்த ஓசை காதில் விழாதவர்கள் குறைவு. யஜுர்வேதத்தின் தைத்திரீய சம்ஹிதையில் வரும் சமகம் மிக நீண்ட வேண்டுதல். மனிதனுக்குத் தேவையான ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்கிறது. அதன் நான்காம் பிரிவான நான்காம் அனுவாகம் மழையையும் உழவையும் கேட்டுவிட்டுத் தானியங்களுக்கு வருகிறது. மொத்தம் பன்னிரண்டு. வரிசை நெல்லில் தொடங்கி நெல்லில் முடிகிறது. முதலில் வருவது விரீஹி, உழுது விளைத்த நெல். கடைசியில் வருவது நீவாரம், யாரும் விதைக்காமல் விளையும் நெல்.

அந்த நீவாரம் எந்தச் செடி, இன்று எங்கே வளர்கிறது என்பது வேதம் படிப்பவர்களுக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல. இம்மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஏரிகளின் கதியோடும், நம் தட்டில் விழும் சோற்றோடும் அதற்குத் தொடர்பு இருக்கிறது.

பன்னிரண்டில் ஏழு தானியங்களை அடையாளம் காண்பதில் பெரிய சிக்கல் இல்லை. நெல், வாற்கோதுமை, உளுந்து, எள், பச்சைப்பயறு, கோதுமை, நம் கடைகளில் மைசூர்ப் பருப்பு என்று விற்கும் செம்பருப்பு. இவற்றில் பெரும்பாலானவற்றின் சமஸ்கிருதப் பெயர்கள் சற்றே தேய்ந்து வட இந்திய மொழிகளில் இன்றும் புழங்குகின்றன. பயிர்களும் இடையறாமல் சாகுபடியில் இருந்துவந்திருக்கின்றன. மிஞ்சும் ஐந்தில்தான் வேலை இருக்கிறது. அணு என்பதைப் பனிவரகு என்று பெரும்பாலோர் ஏற்கிறார்கள். கல்வம் என்ன பயறு என்பதில் உரைகாரர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. பிரியங்கு, சியாமாகம், நீவாரம் ஆகிய மூன்றைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பிரியங்குவைத் தினை என்று கொள்வது வழக்கம். வேள்வி நூல்களில் அது தானியமாகவே வருவதால் இது பொருந்துகிறது. ஆனால் ஆயுர்வேத நூல்களில் அதே பெயர் ஒரு மணமுள்ள மருந்துச் செடியைக் குறிக்கிறது. வட இந்திய வைத்தியர்கள் அதைக் கல்லிகார்ப்பா என்ற புதராகக் கொள்கிறார்கள். கேரளத்தில் ஞாழல் என்ற பெயரில் அக்லேயா என்ற மரத்தைப் பயன்படுத்துகிறார்கள். ஆக ஒரே பெயருக்குள் ஒரு புல், ஒரு புதர், ஒரு மரம். நூலில் பெயரைக் கண்டதும் நிகண்டைத் திறந்து முதல் பொருளை எடுத்துக்கொள்பவர் தினைக்குப் பதில் மரப்பட்டையை வேள்வியில் போட்டுவிடுவார்.

சியாமாகத்தின் சிக்கல் வேறு வகை. இந்தியில் சாவான் என்ற பெயரும் தமிழில் சாமை என்ற பெயரும் இதிலிருந்து வந்தவை என்பதே பரவலான கருத்து. ஆனால் வடக்கே சாவான் என்பது நாம் குதிரைவாலி என்று சொல்லும் தானியம். நம்முடைய சாமை வேறொரு பேரினத்தைச் சேர்ந்த புல். பெயர் தெற்கே நடந்து வந்தபோது இங்கே ஏற்கெனவே விளைந்த ஒரு சிறுமணித் தானியத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. சம்ஹிதை எழுந்த இடம் கங்கைச் சமவெளியின் மேற்குப் பகுதி என்பதையும், வேள்வி நூல்களின் உரைகள் சியாமாகத்தைக் காட்டுத் தானியங்களோடு சேர்த்து எண்ணுவதையும் வைத்துப் பார்த்தால், ஈரமான இடங்களில் தானாக முளைக்கும் குதிரைவாலி இனமே அது என்று நான் கருதுகிறேன். சாமை என்ற சொல் நம் வாயில் இருப்பதாலேயே சமகத்தின் சியாமாகம் நம் சாமை ஆகிவிடாது.

பெயரை மட்டும் நம்பினால் வழி தவறும். கண்ணை மட்டும் நம்பினாலும் அப்படித்தான். கர்நாடகத்தின் சோமநாதபுரத்தில் 13-ஆம் நூற்றாண்டு ஹொய்சளர் கோயில் சிற்பங்களின் கையில் இருப்பது மக்காச்சோளக் கதிர் என்று 1989-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் எழுதினார்கள். மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். கொலம்பஸுக்கு முன் அது இந்தியாவில் இருந்தது என்றால் வரலாறே மாறிவிடும். 1993-இல் இந்தியத் தாவரவியலாளர்கள் பாயக்கும் சச்சனும் அதை மறுத்தார்கள். அது முத்துகள் பதித்த ஒரு கற்பனைக் கனி என்பது அவர்கள் வாதம். இன்றுவரை இந்திய மண்ணில் கொலம்பஸ் காலத்துக்கு முந்தைய, ஐயத்துக்கு இடமில்லாத மக்காச்சோள மணி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்பதே போதுமான பதில். சிற்பத்தில் தெரிவதற்கும் மண்ணில் கிடைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இந்த வழக்கு நன்றாகக் காட்டிவிட்டது.

ஆகவே ஒரு பழைய பெயருக்கு உரிய செடியைத் தேடுபவர் பல சாட்சிகளை விசாரிக்க வேண்டும். நூல் அந்தச் செடியை எந்த இடத்தில், எந்தக் காலத்தில், எதற்காகச் சொல்கிறது? அந்தப் பெயர் எந்த வட்டாரத்தில் எந்தச் செடிக்கு இன்னும் வழங்குகிறது? செடியின் இயல்பு நூல் சொல்வதோடு ஒத்துப்போகிறதா? அகழாய்வில் அதன் மணியோ உமியோ கிடைத்திருக்கிறதா? எல்லாச் சாட்சிகளும் ஒரே செடியைக் கைகாட்டினால்தான் தீர்ப்பு எழுதலாம். நீவாரம் அத்தகைய நல்ல வழக்கு.

முதலில் நூலின் சாட்சி. சமகத்தின் ஐந்தாம் அனுவாகத்தில், உழவால் விளைவது, உழவின்றி விளைவது என்ற பாகுபாடே வெளிப்படையாக வருகிறது. வேள்விப் பீடம் அமைக்கும் அக்னிசயனச் சடங்கில், உழுத நிலத்தில் ஊர்த் தாவரங்கள் ஏழும் காட்டுத் தாவரங்கள் ஏழும் விதைக்க வேண்டும் என்று விதி. உரைகள் தரும் காட்டுப் பட்டியல்களில் நீவாரம், காட்டு எள்ளான ஜர்த்திலம், கவீதுகம், மூங்கிலரிசியான வேணுயவம் எல்லாம் இடம்பெறுகின்றன. வாஜபேய வேள்வியில் பிருஹஸ்பதிக்கு நீவார அரிசியில் சமைத்த சோறான சரு படைக்கப்படுகிறது. நாம் கோயிலில் கேட்கும் ருத்ரத்தைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. ருத்ரம் ஓதிச் செய்யும் ஆகுதிக்கு ஜர்த்திலக் கஞ்சியையோ கவீதுகக் கஞ்சியையோ பயன்படுத்தலாம் என்று தைத்திரீய சம்ஹிதை முதலில் சொல்கிறது. பிறகு அவை ஆகுதிக்கு ஏற்றவை அல்ல என்று ஒரு மறுப்பை எடுத்துக்காட்டி, ஆட்டுப்பாலுக்கு வருகிறது. கவீதுகம் என்பது ஓடைக்கரைகளில் வளர்ந்து, மணிமாலை கோக்கும் அளவுக்குப் பளபளப்பான காய் தரும் உயரமான ஒரு புல் என்பது பொதுவான அடையாளம். காட்டின் தெய்வமான ருத்ரனுக்குக் காட்டின் தானியம் என்பது முதலில் சொன்ன விதிக்குப் பின்னுள்ள எண்ணம். உழவு வேரூன்றிவிட்ட காலத்திலும், உழவுக்கு முந்தைய உணவுகளை அந்த மக்கள் மறக்காமல் சடங்கில் வைத்திருக்கிறார்கள். தானியங்களின் வரலாற்றைத் தேடுபவனுக்கு இது பெரிய கொடை.

காளிதாசனின் சாகுந்தலத்தில் துஷ்யந்தன் ஓர் ஆசிரமத்தின் அருகே வந்துவிட்டதை எப்படி அறிகிறான்? கிளிகள் வாழும் மரப்பொந்துகளுக்குக் கீழே நீவார மணிகள் சிந்திக் கிடக்கின்றன. முனிவர்கள் உழுது விளைத்ததை உண்ணாதவர்கள். ஆகவே நீவாரம் இருக்கும் இடத்துக்கு அருகில் ஆசிரமம் இருக்கும். கவிஞர் வெறும் அழகுக்காக எழுதியதல்ல அது. அவர் காலத்திலும் நீவாரம் என்றால் தவசிகளின் உணவு என்பது படிப்போருக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு அது சான்று.

அடுத்து வாழும் வழக்கத்தின் சாட்சி. சத்தீஸ்கரில் ஆவணி மாதத் தேய்பிறைச் சஷ்டியன்று பெண்கள் பிள்ளைகளின் நலனுக்காக நோன்பு இருக்கிறார்கள். ஹலஷஷ்டி அல்லது கமர்சட் என்று அதற்குப் பெயர். அன்று ஏர் பட்ட நிலத்தில் விளைந்த எதையும் உண்ணக் கூடாது. அவர்கள் சமைப்பது பசஹர் அரிசி. குளங்களிலும் பள்ளங்களிலும் தானாக விளைந்த நெல்லிலிருந்து எடுத்த சிவந்த அரிசி அது. நோன்பு நெருங்கும்போது சந்தைக்கு வரும். சாதாரண அரிசியைவிடப் பல மடங்கு விலை. உத்தரப் பிரதேசத்திலும் காட்டு நெல்லரிசியை விரத நாளில் உண்ணும் பழக்கம் இருக்கிறது. மூவாயிரம் ஆண்டுப் பழைய நூலில் உள்ள பாகுபாட்டை, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளும் சமையலறையில் காப்பாற்றி வந்திருக்கிறார்கள்.

கும்மிடிப்பூண்டிக்கு இன்னும் நெருக்கமான சாட்சி ஒன்று உண்டு. இன்றைய ஆந்திரக் கடலோரப் பகுதியில் உள்ள சாமல்கோட்டையில் 1780-களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் இருந்த வில்லியம் ராக்ஸ்பர்க், பின்னாளில் கல்கத்தா தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்றவர். அவர் தம் இந்தியத் தாவர நூலில் நெல்லைப் பற்றி எழுதும்போது, ஏரிக்கரைகளில் தானாக வளரும் நெல்லைத் தெலுங்கர்கள் நிவாரி என்பதற்கு நெருங்கிய ஒரு பெயரால் அழைப்பதைப் பதிவு செய்கிறார். விளைச்சல் குறைவு என்பதால் அதை யாரும் பயிரிடுவதில்லை. ஆனால் வசதி படைத்தவர்கள் அதன் அரிசியை விரும்பி வாங்குவதால் நல்ல விலை போகிறது என்கிறார். சமஸ்கிருதப் பெயர், தெலுங்கு மக்களின் வாயில், ஏரிக்கரையில் நிற்கும் ஒரு செடியின் மேல். நம் மாவட்டத்து ஊத்துக்கோட்டை, ஆரம்பாக்கம் பக்கம் தெலுங்கும் தமிழும் கலந்தே புழங்குகின்றன. நிலமும் அதே கடற்கரைச் சமவெளியின் தொடர்ச்சிதான். தமிழ் அகராதிகளும் நீவாரத்துக்குக் குளநெல் என்றே பொருள் எழுதுகின்றன. சங்க இலக்கியத்தின் ஐவன நெல்லை இதனோடு சிலர் சேர்த்துவிடுகிறார்கள். அது குறவர்கள் மலைச்சாரலில் விதைத்த மலைநெல். தண்ணீரில் நிற்கும் குளநெல் அல்ல.

இனி செடியின் சாட்சி. ஆசியாவில் நம் நெல்லுக்கு மிக நெருங்கிய காட்டு உறவினர் இரண்டு. ஒரைசா ருஃபிபோகான் ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் ஆழமான இடங்களில் பல ஆண்டுகள் வாழும். மற்றொன்று மழையில் நிறைந்து கோடையில் காயும் குளம், குட்டை, வாய்க்கால் ஓரங்களில் ஓராண்டுச் செடியாக முளைத்து, விதை உதிர்த்து மடியும். இந்த இரண்டாவதை 1965-இல் எஸ்.டி. சர்மாவும் எஸ்.வி.எஸ். சாஸ்திரியும் தனி இனமாக விவரித்து, ஒரைசா நிவாரா என்று பெயரிட்டார்கள். சமகத்தின் சொல் அப்படியே அறிவியல் பெயராகிவிட்டது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. தாவரவியலாளர்கள் அந்தப் பெயரை வைத்ததாலேயே வேதத்தின் நீவாரம் இந்தச் செடிதான் என்று நிரூபணமாகிவிடாது. அவர்கள் பழைய பெயரை எடுத்துப் புதிய இனத்துக்குச் சூட்டினார்கள், அவ்வளவுதான். வேத காலத்தவர் ஓராண்டுச் செடியையும் பல்லாண்டுச் செடியையும் பிரித்துப் பார்த்திருப்பார்கள் என்று நம்பவும் காரணம் இல்லை. இரண்டையும் ஒரே இனத்தின் இரு வடிவங்களாகக் கருதும் தாவரவியலாளர்கள் இன்றும் உண்டு. ஆகவே என் தீர்ப்பு இது: நீவாரம் என்பது நம் நெல்லின் மூதாதைக் கூட்டத்தைச் சேர்ந்த காட்டு நெல், பெரும்பாலும் ஓராண்டு வகை. மழைக்குப் பின் வற்றும் நீர்நிலையில் இறங்கிக் கதிர் கொய்வது எளிது. ஆழத்தில் நிற்பதைக் கொய்வது கடினம்.

இந்தச் செடியை அப்படியே ஏன் உழவர்கள் பயிராக்கவில்லை என்பதற்கு விடை இதுதான். காட்டு நெல்லின் மணி பழுத்ததும் தானே உதிர்ந்துவிடும். காம்போடு மணி சேருமிடத்தில் ஒரு மெல்லிய செல் அடுக்கு உருவாகி மணியை விடுவிக்கிறது. செடிக்கு இது நல்லது, விதை பரவும். அறுக்க வருபவனுக்கு வெறும் கதிர்தான் மிஞ்சும். அதனால் கூடையைக் கதிர்களின் மேல் வீசித் தட்டியோ, மணி முற்றுமுன் கதிர்களைக் கட்டி வைத்தோதான் சேகரிக்க வேண்டியிருந்தது. நெல்லின் நான்காம் குரோமோசோமில் உள்ள எஸ்.எச்.4 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் இந்த உதிர்வு வெகுவாகக் குறைந்தது என்று 2006-இல் கண்டறிந்தார்கள். கதிரில் நிலைத்து நின்ற மணிகளையே மனிதன் அறுத்து, அவற்றையே மறுபடி விதைத்தான். உதிராத நெல் மனிதனைச் சார்ந்ததாயிற்று. மனிதன் அதைச் சார்ந்தவனானான். காட்டு நெல்லின் மணியில் விரல் நீளத்துக்கு வால் இருக்கும், உமி பெரும்பாலும் கருத்திருக்கும், அரிசி சிவந்திருக்கும், விழுந்த விதைகள் எல்லாம் ஒரே சமயத்தில் முளைக்காது. ஓர் ஆண்டு மழை பொய்த்தாலும் மண்ணில் காத்துக் கிடக்கும் விதை அடுத்த ஆண்டு முளைக்கும். நாம் பயிரில் குறையென்று நீக்கிய ஒவ்வொரு குணமும் காட்டில் அதன் உயிர்க்கவசம்.

மண்ணின் சாட்சி இதே இடத்தில்தான் வந்து பொருந்துகிறது. அகழாய்வில் எடுத்த சாம்பல் மண்ணைத் தண்ணீரில் கரைத்தால் கரிந்த தானியங்கள் மிதந்து வரும். நெல்மணி காம்போடு ஒட்டியிருந்த அடிப்பகுதியை நுண்ணோக்கியில் பார்த்தால், தானே உதிர்ந்த மணியில் வழவழப்பான வட்ட வடு இருக்கும். அடித்துப் பிரித்த மணியில் பிய்ந்த சிறு குழி தெரியும். சீனாவின் தியான்லுவோஷானில் ஏறத்தாழ 6,900 ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்கில், பிய்ந்த வடு உள்ளவை 27 விழுக்காடு. 300 ஆண்டுகள் கழித்து 39 விழுக்காடு. காட்டு நெல் வயல் நெல்லாக மாறியது ஒரு தலைமுறையின் கண்டுபிடிப்பு அல்ல, பல நூறு ஆண்டு உழைப்பு என்பதை அந்த வடுக்கள் சொல்கின்றன. தமிழ்நாட்டில் தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் முதுமக்கள் தாழியில் கிடைத்த உமி கி.மு. 1155 என்று காலக்கணிப்பு செய்யப்பட்டதாக 2021-இல் அரசு அறிவித்தது. பழனி அருகே பொருந்தலில் கிடைத்த நெல் கி.மு. 490. வேத நூல்கள் எழுந்த அதே காலப்பரப்பில் தெற்கேயும் நெல் வழக்கத்தில் இருந்திருக்கிறது.

திருவள்ளூருக்கு வருவோம். இந்த மாவட்டத்தின் நிலம் கடலை நோக்கி மெல்லச் சரியும் சமவெளி. கொசஸ்தலையாறும் ஆரணியாறும் மழைக்காலத்தில் மட்டுமே பெருகும். அதனால்தான் முன்னோர் ஊர்தோறும் ஏரி வெட்டினார்கள். ஓர் ஏரியின் கலங்கல் நீர் அடுத்த ஏரிக்குப் போகும்படி சங்கிலியாக அமைத்தார்கள். ஏரிக்கரையின் பக்கம் ஆழம். எதிர்ப்பக்கத்தில் அலைகரை: முழங்கால் அளவு நீர், வடகிழக்குப் பருவமழையில் மூழ்கி, வெயில் ஏறியதும் காய்ந்து வெடிக்கும் மண். ஓராண்டுக் காட்டு நெல்லுக்கு வேண்டிய இடம் சொல்லிவைத்தாற்போல் இதுதான். அங்கே நிற்கும் புற்களை மக்கள் களையென்று கடந்து போகிறார்கள், மாடுகள் மேய்கின்றன.

இந்த மாவட்டத்துக்கும் நெல்லின் உலக வரலாற்றுக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. இங்கே பிறந்தவர்கள்கூட அதை அதிகம் பேசுவதில்லை. திருவள்ளூருக்கு அருகே திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.கே.எம். என்று தொடங்கும் நெல் ரகங்கள் எல்லாம் திரூர்க்குப்பத்தின் பெயரைச் சுமப்பவை. ஜி.இ.பி. 24, கோ 18 என்ற இரண்டு ரகங்களைக் கலந்து இங்கே உருவாக்கிய டி.கே.எம். 6, தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணத்தால் புகழ் பெற்றது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் அதை எடுத்துப் பல கலப்புகளில் பயன்படுத்தியது. நம் உழவர்கள் நன்கு அறிந்த ஐ.ஆர். 20-இன் பெற்றோரில் ஒன்று டி.கே.எம். 6.

1970-களின் தொடக்கத்தில் ஆசியாவின் வயல்களைப் புற்குட்டை நோய் தாக்கியது. புகையான் பூச்சி பரப்பும் நச்சுயிரி நோய் அது. பயிர் புல்லைப்போல் குட்டையாகத் தூர்விட்டு, கதிர் பிடிக்காமல் போகும். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் தன் விதைக் களஞ்சியத்தில் இருந்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தது. பயிர் நெல் எதுவும் அந்த நோயைத் தாங்கவில்லை. தாங்கியது ஒரே ஒரு மாதிரி: உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரைசா நிவாரா. சமகத்தின் நீவாரம் விளைந்த அதே கங்கைச் சமவெளியின் காட்டு நெல். குர்தேவ் குஷ் தலைமையிலான குழு அதன் எதிர்ப்புத் திறனைப் பயிர் நெல்லில் ஏற்றியது. 1976-இல் வெளிவந்த ஐ.ஆர். 36-இன் பரம்பரையில் அந்த நீவாரமும் இருக்கிறது, நம் திரூரின் டி.கே.எம். 6-உம் இருக்கிறது. 1980-களில் உலகில் ஏறத்தாழ 1.1 கோடி ஹெக்டேரில் ஐ.ஆர். 36 பயிரானது, அதற்கு முன் எந்த ஒரு நெல் ரகமும் அவ்வளவு பரப்பில் விளைந்ததில்லை என்பார்கள்.

சமகத்தின் வரிசையில் முதலிலும் கடைசியிலும் தனித்தனியே நிற்கும் விரீஹியும் நீவாரமும் ஒரே விதைக்குள் சேர்ந்த நிகழ்ச்சி அது. காட்டு நெல்லின் மாதிரி ஒன்றை ஒருவர் ஒரு குட்டையின் ஓரத்தில் பறித்து, உறையில் போட்டு, இடத்தின் பெயரை எழுதி அனுப்பியிராவிட்டால் அது நடந்திருக்காது. அந்தக் குட்டை அதற்கு முன்பே தூர்க்கப்பட்டிருந்தாலும் நடந்திருக்காது.

அதனால்தான் கும்மிடிப்பூண்டியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட், அதற்குப் பின் வந்த தேர்வாய்கண்டிகை சிப்காட், நெடுஞ்சாலையை ஒட்டிய கிடங்குகள், குடியிருப்புகள் என்று சென்னையின் வடக்கு வாசல் வேகமாக நிரம்புகிறது. தொழிற்சாலைகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பல ஊர்களுக்கு அவை சோறு போடுகின்றன. ஆனால் ஏரியைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் கொள்ளளவைப் பற்றியே பேசுகிறோம். கண்ணன்கோட்டை, தேர்வாய்கண்டிகை ஏரிகளை இணைத்துச் சென்னையின் குடிநீருக்காக 2020-இல் ஒரு நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. நகரத்துக்கு அந்த நீர் தேவைதான். ஆயினும் கரையை உயர்த்தி ஆழப்படுத்தும் எந்த ஏரியிலும் முதலில் மறைவது அலைகரை. சாலைக்கு மண் எடுக்க முதலில் தோண்டுவதும் அங்கேதான். ஆக்கிரமிப்பு தொடங்குவதும், ஆலைக் கழிவும் குப்பையும் வந்து தேங்குவதும் அந்த ஆழமில்லாத ஓரத்தில்தான். ஏரி காகிதத்தில் அப்படியே இருக்கும், குளநெல் போய்விடும்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. ஏரிக்குள் நிற்கும் காட்டு நெல்லும் ஆயக்கட்டில் நிற்கும் பயிர் நெல்லும் ஒரே காலத்தில் பூத்தால், மகரந்தம் காற்றில் போய்ச் சேரும். தலைமுறை தலைமுறையாக இது நடந்தால் காட்டு நெல் தன் இயல்பை இழந்து, பாதி பயிர் பாதி களையாக ஆகிவிடும். இந்தியாவின் காட்டு நெல் கூட்டங்கள் பலவற்றில் இந்தக் கலப்பு ஏற்கெனவே காணப்படுகிறது. தில்லியில் உள்ள தேசியத் தாவர மரபுவள அமைவனத்தின் குளிர்பெட்டியில் விதைகளைச் சேமிக்கலாம், சேமிக்கவும் வேண்டும். ஆனால் குளிர்பெட்டியில் இருக்கும் விதை புதிய பூச்சியையும், ஏறும் வெப்பத்தையும், உப்பேறும் மண்ணையும் எதிர்கொள்ளக் கற்றுக்கொள்ளாது. ஏரியோரத்தில் ஆண்டுதோறும் பிழைத்து நிற்கும் செடிதான் கற்றுக்கொள்ளும். பழவேற்காட்டின் உப்புக்காற்று எட்டும் தொலைவில் ஒரு குளநெல் கூட்டம் பல நூறு ஆண்டுகளாகப் பிழைத்து வந்திருந்தால், அதற்குள் என்ன இருக்கிறது என்பதைப் பார்க்காமலே இழப்பது பெரிய முட்டாள்தனம்.

செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பன்மைச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும்; அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றைத் தயாரிக்க வேண்டும். அந்தப் பதிவேட்டில் ஊர் ஏரியின் புற்கள் இடம்பெற வேண்டும். பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பகுதிக் கல்லூரிகளின் தாவரவியல் மாணவர்கள் மழைக்காலம் முடியும் தருவாயில் அலைகரையில் நடந்தால், குதிரைவாலி இனத்தையும் நெல்லினத்தையும் எளிதில் பிரிக்கலாம். இலை தண்டைத் தழுவும் இடத்தைப் பாருங்கள். நெல்லில் அங்கே நாக்குபோல் ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். குதிரைவாலிக் களையில் இருக்காது. நெல்லினமாக இருந்து, கதிர் விரிந்து, மணியில் நீண்ட வாலும் இருந்து, கை பட்டதும் மணி உதிர்ந்தால் அதைக் கவனிக்க வேண்டும். ஒரு கதிரை மட்டும் இலையோடு எடுத்து, காகிதத்தில் அழுத்தி உலர்த்தி, ஏரியின் பெயரையும் நாளையும் எழுதி வையுங்கள். அடையாளத்தை உறுதி செய்யக் கோயம்புத்தூரில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியமும், அருகிலேயே திரூர் நிலையமும் இருக்கின்றன.

சமகம் ஓதுபவர்களிடமும் அதைக் கேட்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் ஏரியில் தூர்வாரும் பணி தொடங்குமுன், அலைகரையில் குளநெல் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லி ஊராட்சியில் ஒரு மனு கொடுங்கள். நின்றால், அந்தப் பகுதியை மட்டும் தோண்டாமல் விடச் சொல்லுங்கள். பதிவேட்டில் அதன் பெயரை எழுத வையுங்கள்.